செல்லம்மாளின் ஊர்

புதுமைப்பித்தனின் ‘செல்லம்மாள்’ (1943) கதையைக் கல்லூரியில் எங்களுக்குத் தாம்பத்தியக் காதலின் கதையாகத்தான் சொல்லித் தந்தார்கள். சென்னையில் ஜவுளிக்கடைச் சம்பளத்தில் நோயாளி மனைவியைப் பேணும் பிரமநாயகம் பிள்ளையின் பொறுமை பற்றி இரண்டு பக்கம் எழுதினால் மதிப்பெண் உண்டு. அது தவறான வாசிப்பு என்று சொல்லமாட்டேன். ஆனால் நாற்பதைத் தாண்டியபின் கதையை எடுத்தபோது என் காது செல்லம்மாளின் பேச்சுக்குப் போய்விட்டது. ஊருக்குப் போகலாம் என்கிறாள், திரும்பத் திரும்ப.

பிள்ளை அதை மறுப்பதில்லை. ஊர்ப்பேச்சு இருவருக்கும் ஒரு மயக்க மருந்து. பேசிப் பேசியே நாளைக் கடத்துகிறார்கள். நினைவு தவறும்போதுதான் அந்தப் பேச்சின் அடிப்பக்கம் வெளியே வருகிறது. கணவரையே அம்மா என்று அழைத்து, ஊருக்குப் போய்விடலாம் என்கிறாள். ஒரு துரோகி வந்து தன்னைக் கட்டிப்போட்டுவிடுவான் என்று பயப்படுகிறாள். இதை ஜன்னிப் பிதற்றல் என்று தாண்டிப்போக என்னால் முடியவில்லை. இவ்வளவு அன்பான மனிதரும் அவள் நம்புவதற்கு அம்மாவாக மாறவேண்டியிருக்கிறது. இதற்கு விளக்கம் எழுதாமல் விட்டாரே, புதுமைப்பித்தனிடம் எனக்குப் பிடித்த இடம் அதுதான்.

எங்கள் பக்கத்துப் பெண்களின் ‘ஊர்’ பெரும்பாலும் பிறந்த வீடு. தாமிரபரணிப் படித்துறை, வாழைத்தோப்பு, நெல் காயும் முற்றம் எல்லாம் அந்தக் கனவில் இருக்கும், பட்டா இருக்காது. “ஏட்டி, ஆத்தோரமா ஒரு ஓட்டுவீடு போதும்” என்பாள் என் அம்மா. அடுத்த மூச்சிலேயே, “மதினி மூஞ்சியப் பாத்துக்கிட்டு அங்க யாரு இருக்க?” தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25 முதல் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சமபங்கு வந்தது, அதற்கு முன்பே கல்யாணமானவர்களைத் தவிர்த்து. அம்மாவின் கல்யாணம் 1981இல். 2005இல் மத்தியச் சட்டம் அந்தத் தடையை நீக்கியபோது தாத்தாவின் வயல் மாமா பெயரில் பத்திரமாகி வெகுகாலம் ஆகியிருந்தது.

கிராமம் என்றாலே பெண்ணுக்கு இளைப்பாறுதல் என்பதும் பாதிக் கதைதான். அம்பாசமுத்திரத்துக்கு மேலே மாஞ்சோலையின் பச்சை, அங்கே கொழுந்து பறித்த பெண்களுக்கு வேலைத்தலம். அந்தத் தொழிலாளர்களுக்காக நடந்த ஊர்வலத்தில், 1999 ஜூலை 23 அன்று, பெண்களும் ஒரு கைக்குழந்தையும் உட்பட 17 பேர் இதே ஆற்றில் செத்தார்கள்.

அம்பையின் ‘அடவி’யில் செந்திரு நடுவயதில் வீட்டை விட்டுக் காட்டுக்குப் போகிறாள். அம்மாவைத் தேடியல்ல, சீதையின் கதையை எழுத. வனவாசத்தைத் தண்டனையிலிருந்து மீட்டு, பெண் தானே தேர்ந்த இடமாக்கிய கதை அது; தமிழில் அதற்கு ஈடு குறைவு. எனக்கொரு குறை உண்டு. செந்திருவுக்குக் காடு திறந்த வேகத்தில் செல்லம்மாள்களுக்குத் திறக்காது. கையில் காசும், தனியாகப் போய்த் தங்கிப் பழக்கமும் வேண்டும். ஐம்பது வயதில் பஸ் ஏறி வந்திறங்கும் ஒருத்திக்கு, அவள் விதவையோ கோபித்துக்கொண்டு வந்தவளோ இல்லையென்றால், எந்த ஊரில் யார் வீடு வாடகைக்குத் தருவார்கள்?

செல்லம்மாள் போகவில்லை. கதையே அவள் மூச்சு அடங்குவதில்தான் தொடங்குகிறது, சென்னையில்.