‘பையனுக்கு என்ன?’ – ஒரு கேள்வியும் நம் கலை தந்த விடைகளும்

“பையனுக்கு என்ன?”

ஆட்டிசம் உடைய பிள்ளையை அழைத்துக்கொண்டு வெளியே புறப்படும் ஒரு சென்னைத் தாய், வீடு திரும்புமுன் இக்கேள்வியைப் பலமுறை சந்திக்கிறாள். பெசன்ட் நகர் செல்லும் 29சி பேருந்தில் பக்கத்து இருக்கைப் பாட்டி கேட்கிறார். தியாகராய நகர்த் துணிக்கடையில் சேலை எடுத்துப் போடும் பெண் கேட்கிறாள். மயிலைக் குளக்கரையில் பூக் கட்டுபவர் கேட்கிறார். ஞாயிறு திருப்பலி முடிந்து ஆலய முற்றத்தில் நிற்கையில் பங்கு மக்களாகிய நாமும் கேட்கிறோம். கேட்பவர் பெரும்பாலும் தீயவர் அல்லர். அக்கறையும் ஆர்வமும் சிறிது அச்சமும் கலந்த கேள்வி அது. ஆனால் விடை சொல்லக் கிடைப்பதோ, பேருந்து ஒரு நிறுத்தத்திலிருந்து அடுத்த நிறுத்தத்தை அடையும் நேரம் மட்டுமே.

அச்சிறு நேரத்தில் என்ன சொல்லலாம்? தான் நேரில் அறியாத மனிதரைச் சமுதாயம் முதலில் சொற்களின் வழியாகவும் கதைகளின் வழியாகவுமே அறிந்துகொள்கிறது. ஆகவே, ஆட்டிசத்துக்கு நம் மொழி ஆக்கிக்கொண்ட பெயர்களையும், நம் திரையுலகம் படைத்த ‘ஹரிதாஸ்’ என்னும் படத்தையும் இக்கேள்வியின் முன் நிறுத்தி எடைபோட்டுப் பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் பெயர்கள். கிரேக்க மொழியில் ‘தான்’ என்று பொருள்படும் சொல்லிலிருந்து பிறந்தது ஆட்டிசம் என்னும் பெயர். 1943இல் அமெரிக்காவில் மருத்துவர் லியோ கானர் பதினொரு குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரைக்குப் பின் அது இன்றைய பொருளில் நிலைபெற்றது. தமிழில் ‘மதியிறுக்கம்’ என்றும் ‘தற்புனைவு ஆழ்வு’ என்றும் அதனைப் பெயர்த்தனர். தமிழக அரசின் ஆவணங்களில் ‘புற உலகச் சிந்தனையற்றோர்’ என்னும் தொடர் வழங்கிவருகிறது. பெயர் சூட்டியவர்களின் நல்லெண்ணத்தை நாம் ஐயுறவில்லை. எனினும் இச்சொற்கள் சித்திரிக்கும் மனிதரை நாம் உண்மையில் காண்கிறோமா?

ரங்கநாதன் தெருவின் நெரிசலில் காதுகளைப் பொத்திக்கொண்டு தரையில் அமர்ந்துவிடும் சிறுவனைப் புற உலகச் சிந்தனை அற்றவன் என்று எப்படிச் சொல்வது? நம் செவி தானாகவே வடிகட்டித் தள்ளிவிடும் ஒலிகள் அனைத்தும் அவனுக்கு ஒரே வேளையில், ஒரே அளவில் வந்து மோதுகின்றன. குழல் விளக்கின் ரீங்காரம், கூவி விற்பவரின் குரல், ஒலிபெருக்கி விளம்பரம், தோளில் உரசிச் செல்லும் பை ஆகிய யாவும் அவனுக்குச் சுமை. புற உலகம் அவனிடம் அளவுக்கு மீறி நுழைந்துவிட்டது என்பதே உண்மைக்கு அருகில் நிற்கும் கூற்று. ‘மதியிறுக்கம்’ என்பதோ அறிவைக் குறை கூறுவதுபோல் ஒலிக்கிறது. ‘தற்புனைவு’ என்பது அவன் ஏதோ கற்பனையில் திளைப்பதாக எண்ண வைக்கிறது. இப்பெயர்களுள் எதனைச் சொன்னாலும் பேருந்துப் பாட்டிக்கு விளங்குவது ஒன்றே: ‘ஐயோ, பாவம்.’

எடுத்துச் சொல்லப்பட வேண்டியவை இவற்றினும் எளிய செய்திகள். “உன் பேர் என்ன?” என்று கேட்டால் சில பிள்ளைகள் “உன் பேர் என்ன?” என்றே திருப்பிச் சொல்வார்கள். கேட்டவருக்கு அது கேலியாகத் தோன்றும். கேட்ட சொல்லையே பற்றிக்கொண்டு உரையாடலில் இடம்பிடிக்க முயலும் முயற்சி அது. கண்ணைப் பார்த்துப் பேசாதவரை ‘முகம் கொடுத்துப் பேசாதவர்’ என்று குறைகூறுவது நம் வழக்கம். எதிரே இருப்பவரின் கண்ணை நோக்கினால் சொல் காதில் விழாமற் போகும் மனிதரும் உண்டு என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. விடைபெறும்போது ‘போகிறேன்’ என்று சொல்வது தமிழ்ப் பண்பன்று. ‘போய் வருகிறேன்’ என்போம். சொல்லைச் சொல்லின் பொருளிலேயே ஏற்கும் இளைஞர் ஒருவர், ‘எப்போது வருவீர்கள்?’ என்று கேட்டு வாசலில் காத்திருப்பாரெனின், அவரது மொழியறிவில் குறையில்லை. நம் மொழியின் உபசாரங்கள் எவ்வளவு மறைபொருள் உடையவை என்பதையே அவர் நமக்கு உணர்த்துகிறார்.

இனிப் படத்துக்கு வருவோம். ஜி.என்.ஆர். குமாரவேலன் இயக்கத்தில் 2013இல் வெளிவந்த ‘ஹரிதாஸ்’, ஆட்டிசம் உடைய சிறுவனைக் கதையின் நடுவில் வைத்த தமிழ்ப் படம். சிவதாஸ் என்னும் காவல்துறை அதிகாரியாகக் கிஷோரும், அவர் மகன் ஹரியாகச் சிறுவன் பிருத்விராஜ் தாஸும், ஆசிரியை அமுதவல்லியாகச் சினேகாவும் நடித்தனர். பாட்டியிடம் வளர்ந்த பிள்ளை, பாட்டி மறைந்தபின் தந்தையிடம் வந்து சேர்கிறான். படத்தின் மிகச் சிறந்த கருத்து இங்கேதான் இருக்கிறது என்பது நம் துணிபு. ஹரியை யாருக்கு விளக்க வேண்டியிருக்கிறது? வழிப்போக்கருக்கு அன்று, பெற்ற தந்தைக்கே. மகனுக்கு முதல் அந்நியர் தந்தை. மருத்துவர் சொல்லும் விளக்கம் அவருக்கு ஒரு தொடக்கம் மட்டுமே. பிள்ளையோடு நாள்களைக் கழித்து, அவன் எதைக் கண்டு நிற்கிறான், எதைக் கண்டு ஓடுகிறான் என்று உடனிருந்து பார்த்தே அவர் அவனைக் கற்கிறார். சிறுவனாக நடித்த பிருத்விராஜ் தாஸ் நம் இரக்கத்தை யாசிப்பதாக எங்கும் தோன்றவில்லை. அவனது விரல்களும் திரும்பாத முகமும் அவற்றின் போக்கில் இருக்கின்றன. நாமே அவற்றைப் படிக்கப் பழக வேண்டியிருக்கிறது. இவ்வகையில் இப்படம் பாராட்டுக்குரியது.

ஆனால் படம் தன் கண்டுபிடிப்பின்மேல் முழு நம்பிக்கை வைக்கவில்லை. ஒருபுறம் காவல்துறை, ரவுடிகள், துப்பாக்கி என்னும் வழக்கமான கதை வந்து பாதி இடத்தை அடைத்துக்கொள்கிறது. மறுபுறம், ஹரியின் ஓட்டத் திறன் வெளிப்பட்டதும், கதை முழுவதும் அவ்வெற்றியை நோக்கியே ஓடத் தொடங்குகிறது. ஊரார் அவனை ஏற்பது அவன் ஓடுவதால். ஓடத் தெரியாத ஹரிகளின் நிலை என்ன? படம் முடிந்து வெளியே வருபவர், “பையனுக்கு என்ன?” என்ற பழைய கேள்வியோடு புதியதொரு கேள்வியையும் எடுத்து வருகிறார்: “இவனுக்கு என்ன திறமை இருக்கிறது?”

இக்குறை ‘ஹரிதாஸ்’ படத்துக்கு மட்டும் உரியதன்று. 1988இல் வந்த ‘ரெயின் மேன்’ என்னும் அமெரிக்கப் படத்தில் டஸ்டின் ஹாஃப்மன் ஏற்ற பாத்திரம், சிதறிய பற்குச்சிகளை ஒரு பார்வையில் எண்ணிவிடும். சீட்டாட்ட மேசையில் பணம் குவிக்கும். ஆட்டிசம் என்றாலே அதிசயக் கணக்கு என்னும் எண்ணம் உலகெங்கும் பரவியதில் அப்படத்துக்குப் பெரும் பங்குண்டு. 2010இல் வந்த ‘மை நேம் இஸ் கான்’ இந்திப் படம் ஓரடி முன்னே சென்றது. அதன் நாயகன் தன் இயல்பைத் தன் வாயாலேயே புதியவர்களுக்குச் சொல்லிக்கொள்கிறான். இது பெரிய மாற்றம். எனினும் அவனும் அமெரிக்க அதிபரைச் சந்திக்க நாடு கடந்து நடந்து, பேரிடரில் பிறரைக் காத்த பின்னரே பார்ப்பவர் மனத்தில் முழு மனிதனாகிறான். பற்குச்சி, ஓட்டம், வீரச்செயல் ஆகிய மூன்றுமே வாயிற்காவலனிடம் காட்டும் அனுமதிச்சீட்டுகள். மனிதராகப் பிறந்தவர் மனிதர் நடுவே நிற்க அனுமதிச்சீட்டு எதற்கு?

திரைக்கு வெளியே, நூல்களில் நிலைமை சற்று மேலானது. டெம்பிள் கிராண்டின் என்னும் அமெரிக்கப் பெண்மணி 1986இல் வெளியிட்ட தன்வரலாறு, ஆட்டிசத்தை உள்ளிருந்து கூறிய முன்னோடி நூல்களுள் ஒன்று. தமிழில் எழுத்தாளர் யெஸ். பாலபாரதி, ஆட்டிசம் உடைய மகனின் தந்தையாக நின்று ‘ஆட்டிசம் – சில புரிதல்கள்’ என்னும் நூலை எழுதினார். கலைச்சொற் சுமையின்றிப் பெற்றோரோடு பெற்றோர் பேசும் நடை இத்தகைய எழுத்தின் வலிமை. அந்நடையே பேருந்துக்கும் கடைக்கும் உரிய நடை என்போம்.

அந்நடையில் அமைந்த ஒரு விளக்கத்தைக் கற்பனை செய்துகொள்வோம். துணிக்கடையில் தாய் சொல்கிறாள்: “தம்பிக்குச் சத்தம் தாங்காதுங்க, அதான் காதைப் பொத்திக்கிறான். கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் நின்னா சரியாயிடுவான்.” இதில் நோயின் பெயர் இல்லை, மன்னிப்பும் இல்லை, அவன் கணக்கில் புலி என்னும் விளம்பரமும் இல்லை. கண்ணுக்குத் தெரிந்த ஒரு செயலுக்குரிய காரணமும், கேட்பவர் இடம்கொடுக்க வேண்டும் என்னும் குறிப்பும் இருக்கின்றன. மேலும் அவன் அருகில் நிற்கையிலேயே, அவன் கேட்கத் தகுந்த சொற்களில் அது சொல்லப்பட்டது. பேசாத பிள்ளைக்குக் காதும் கேளாது என்று எண்ணி, அவன் தலைக்குமேல் அவனைப் பற்றிப் பேசுவது நம்மில் பலரிடம் உள்ள வழக்கம். வளர்ந்தவராயின் ‘நீயே சொல்கிறாயா, நான் சொல்லட்டுமா?’ என்று முதலில் அவரைக் கேட்பது முறை. சொல்ல வேண்டாம் என்று அவர் முடிவு செய்தால் அதுவும் அவர் உரிமை.

விளக்கும் கடமை முழுவதையும் ஒரு பக்கத்தில் சுமத்துவது நீதியாகாது. 1967இல் புருனோ பெட்டல்ஹைம் எழுதிய நூல், தாயின் அன்புக் குறைவே ஆட்டிசத்துக்குக் காரணம் என்னும் தவறான கருத்தைப் பரப்பியது. அறிவியல் அதனைத் தள்ளிவிட்டது. ஆயினும் ‘கர்ப்பமா இருக்கும்போது என்ன செஞ்சே?’ என்று கேட்கும் உறவினர் இன்றும் உளர். 2012இல் டேமியன் மில்ட்டன் என்னும் சமூகவியலாளர், தாமே ஆட்டிசம் உடையவர், ஒரு கருத்தை முன்வைத்தார்: ஆட்டிசம் உடையவர் பிறரைப் புரிந்துகொள்ள இடர்ப்படுவது போலவே பிறரும் அவரைப் புரிந்துகொள்ள இடர்ப்படுகின்றனர், குறை இரு கரைக்கும் பொது. நம் நாட்டுச் சட்டமும் மெல்லவே இதனை நோக்கி நடந்தது. 1995ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டப் பட்டியலில் ஆட்டிசம் இடம்பெறவில்லை. 1999இன் தேசிய அறக்கட்டளைச் சட்டம் அதனைச் சேர்த்தது. 21 வகைகளை ஏற்ற 2016ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கு உரிய இடம் தந்தது. சட்டம் பள்ளியின் கதவைத் திறக்கலாம்; பக்கத்து இருக்கையில் இருப்பவரின் பார்வையை மாற்றும் வேலை நம்முடையது.

2018ஆம் ஆண்டு நவம்பர் 28 அன்று உரோமையில், திருத்தந்தை பிரான்சிஸ் மக்களைச் சந்தித்துக்கொண்டிருந்த மன்றத்தில், பேச இயலாத சிறுவன் ஒருவன் மேடையேறி விளையாடத் தொடங்கினான். காவலரின் கையுறையைப் பிடித்து இழுத்தான். பின்னே வந்த தாய், அவனால் பேச முடியாது என்று திருத்தந்தையிடம் ஒரே வரியில் தெரிவித்தார். அவ்வளவே. அவன் அங்கே விளையாட விரும்பினால் விளையாடட்டும் என்றார் அவர், சந்திப்பும் தொடர்ந்தது. சொன்னவரின் ஒரு வரி போதுமானதாக இருந்ததற்குக் காரணம், கேட்டவர் மேலும் எதையும் கேட்கவில்லை என்பதே.

சாந்தோம் பேராலயத்திலோ, லஸ் கோவிலிலோ, பெசன்ட் நகர் அன்னை வேளாங்கண்ணி ஆலயத்திலோ, திருப்பலியில் சமாதானம் பரிமாறும் வேளையில் பக்கத்தில் நிற்கும் இளைஞர் நம் நீட்டிய கையைத் தொடாமல் விலகக்கூடும். எழுந்தேற்ற மணி ஒலிக்கையில் ஒரு சிறுமி உடலை முன்னும் பின்னும் அசைக்கக்கூடும். அவ்வேளை திரும்பிப் பார்க்காதிருப்பதே ஓர் உபசாரம். கைகுவித்து வணங்கும் தமிழ் வழக்கம் யாரையும் தொடாமலே சமாதானம் சொல்லக் கற்றுத் தந்திருக்கிறது, அது போதும். பின்னர் முற்றத்தில் அக்குடும்பத்தைச் சந்தித்தால், ‘பையனுக்கு என்ன?’ என்பதை விடுத்து, ‘தம்பி பேர் என்ன?’ என்று கேட்கலாம். விடை அவனிடமிருந்து வர நேரமாகலாம், வராமலும் போகலாம். காத்திருக்க நமக்கு நேரம் இருக்கிறது.