நம்மைப் பார்க்காத வீரர்கள்

மேசையைச் சுற்றி அமர்ந்து பாத்திரமேற்று ஆடும் டன்ஜியன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டின் புத்தகங்களில் உள்ள ஓவியங்களைப் பற்றி ஒரு கதை சொல்லப்படுகிறது. கைதேராதவர்களின் கிறுக்கலாகத் தொடங்கியதாம், பதிப்புக்குப் பதிப்பு மெருகேறியதாம், இன்று உச்சத்தில் இருக்கிறதாம். கதையின் தொடக்கத்தோடு எனக்குச் சண்டை இல்லை. கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் எழுதி 1974-இல் வந்த மெல்லிய புத்தகங்களின் படங்கள் சில, மார்வெல் காமிக்ஸிலிருந்து அப்படியே உருவப்பட்டவை. மிச்சக் கதைதான் பொய்.

1978-இல் வந்த 'பிளேயர்ஸ் ஹேண்ட்புக்' அட்டையை வரைந்தவர் டேவிட் டிராம்பியர். பெரியதொரு அசுரச் சிலை. அதன் மேல் தொற்றி ஏறிய திருடர்கள் இருவர் கண்ணில் பதித்த ரத்தினத்தை நெம்புகிறார்கள். கீழே பல்லி மனிதர்களின் பிணங்கள். ஒருவன் வாளைத் துடைக்கிறான், மற்றவர்கள் வரைபடத்தை வைத்துக்கொண்டு பேசுகிறார்கள். சண்டை முடிந்துவிட்டது. இனி என்ன என்பதுதான் இந்த விளையாட்டின் ஜீவன். மேசையைச் சுற்றி உட்கார்ந்தவர்கள் மணிக்கணக்கில் வாதிடுவது அதைப் பற்றித்தான். அதை வரையத் தோன்றியதே, அது சாமர்த்தியம். படத்தில் ஒருவருக்கும் நம்மைப் பற்றிக் கவலையில்லை, அவரவர் வேலையில் இருக்கிறார்கள்.

உள்பக்கங்களில் அவருடைய கறுப்பு-வெள்ளைக் கோடுகள் இன்னும் கூர்மை. அடர்ந்த கறுப்பை அச்சமில்லாமல் விடுவார். இருட்டில் என்ன இருக்கிறது என்பதை நம்மிடமே விட்டுவிடுவார். அவரோடு எரல் ஓட்டஸையும் சேர்க்க வேண்டும். 1981 'பேசிக்' பெட்டியின் அட்டையில் நீரிலிருந்து எழும் அவருடைய டிராகன் எந்த உடற்கூறியலுக்கும் கட்டுப்படாத ஜந்து. காய்ச்சலில் கண்ட கனவு.

1983-இல் லாரி எல்மோர் வரைந்த அட்டையோடு அதே 'பேசிக்' தொகுப்பின் சிவப்புப் பெட்டி வந்தது. புதையல் குவியல், சீறும் சிவப்பு டிராகன், வாளோங்கிய தனி வீரன். அற்புதமான தொழில்திறன், மறுப்பதற்கில்லை. விற்பனைக்கு இதைவிட நல்ல படம் கிடைக்காது. ஆனால் குழுவாக ஆடும் விளையாட்டின் அட்டையில் குழுவைக் காணோம்! எல்மோர், ஈஸ்லி, கால்ட்வெல், பார்க்கின்சன் என்ற ஓவியர்கள் நால்வரும் எண்பதுகளை எண்ணெய் வண்ணத்தில் முக்கியெடுத்தார்கள். தசை, கூந்தல், பனிமலை என்று எல்லாம் பளபளத்தன. பயம் மட்டும் போய்விட்டது. தொண்ணூறுகளில் இந்த விளையாட்டின் 'டார்க் சன்' உலகுக்கு வரைந்த பிராமும் 'பிளேன்ஸ்கேப்' உலகுக்கு வரைந்த டோனி டிடெர்லிஸியும் கௌரவமான விதிவிலக்குகள். அந்தந்த உலகத்தின் முகத்தை ஒரு கை, ஒரு மனம் தீர்மானித்ததால் அவை நிலைத்தன.

1997-இல் விஸார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் நிறுவனம், அதுவரை இந்தப் புத்தகங்களைப் பதிப்பித்த டிஎஸ்ஆரை வாங்கியது. 2000-இல் மூன்றாம் பதிப்பு. உடம்பெல்லாம் வாரும் பக்கிளும் மாட்டிய வீரர்கள், வெற்றுப் பின்னணியில் ஃபேஷன் ஷோ நடத்தினார்கள். எங்கே நிற்கிறார்கள், எதைக் கண்டு அஞ்சுகிறார்கள் என்று படத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஐந்தாம் பதிப்பும், பொன் டிராகனைச் சுற்றி வீரர்களை நிறுத்திய 2024 அட்டையும் இந்தப் பரம்பரையின் வாரிசுகள்தாம். பல கைகள் வரைந்தும் ஒரே கை வரைந்தது போன்ற மழமழப்பு.

மாற்று எங்கே என்று கேட்பவர்கள் ஸ்வீடனிலிருந்து 2020-இல் வந்த 'மோர்க் போர்க்' என்ற விளையாட்டுப் புத்தகத்தைப் புரட்டலாம். யோஹான் நோரின் மஞ்சளும் கறுப்பும் கண்ணைக் கரிக்கின்றன. எழுத்துருக் கூத்து சில பக்கங்களில் எல்லை மீறுகிறது. ஆனாலும் அந்த உலகில் கால்வைக்கவே தயக்கமாக இருக்கிறது. அந்தத் தயக்கம் இல்லாமல் இந்த விளையாட்டு எதற்கு?

டிராம்பியர் 1988-இல், 'டிராகன்' பத்திரிகையில் வந்துகொண்டிருந்த தன் 'வோர்மி' சித்திரத்தொடரைப் பாதியில் விட்டுவிட்டு இத்துறையிலிருந்தே விலகினார். பிறகு இல்லினாய் மாநிலத்துக் கார்பன்டேலில் டாக்சி ஓட்டினார். 2014-இல் இறந்தார். 'வோர்மி' முடிவுபெறவில்லை.