ஓதச் சுவரும் ஒட்டுத்தாளும்

'ரூம் மேக்ஓவர்' வீடியோக்களைப் பற்றித் தமிழில் ஒரு விமர்சனம்கூட நான் படித்ததில்லை. சினிமாவுக்கு எழுதுகிறோம், வெப்சீரிஸுக்கு எழுதுகிறோம், ரீல்ஸைப் பற்றிக்கூட கவலைப்பட்டு எழுதுகிறோம். வாடகை வீட்டுச் சுவரில் செங்கல் டிசைன் ஒட்டுத்தாள் ஒட்டும் பன்னிரண்டு நிமிட வீடியோவை இரவு ஒரு மணிக்குப் படுத்துக்கொண்டே பார்க்கிறவர்கள் மட்டும், நான் உட்பட, அதை 'சும்மா பாக்கறது' கணக்கில் எழுதி விட்டுவிடுகிறோம். கொஞ்ச காலமாக இவற்றைக் கவனமாகவே பார்த்துவருகிறேன். இதிலும் தேர்ந்த கை உண்டு, ஏனோதானோ உண்டு, பொய்யும் உண்டு. விமர்சனத்துக்கு அது போதும்.

இந்த வடிவத்தின் இலக்கணம் கறாரானது. முதலில் 'முன்': டியூப்லைட்டின் வெளுத்த வெளிச்சம், நாற்காலி முழுக்கத் துணி, பீரோ மேல் சூட்கேஸ், கண்ணாடியில் பழைய ஸ்டிக்கர் பொட்டு. கேமரா அவசரமாக ஒரு சுற்று சுற்றும். அப்புறம் அட்டைப்பெட்டிகள் வந்திறங்கும். அப்புறம் வேகமாக ஓட்டப்பட்ட வேலை. கடைசியில் 'பின்': மஞ்சள் பல்பு, சீரியல் லைட், பிளாஸ்டிக் இலைக்கொடி, மூலையில் ஒரு மணி பிளான்ட், மெதுவாக நகரும் கேமரா, அடியில் பியானோ. ஒருமுறை இரண்டு காட்சிகளையும் நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். கட்டில் அதே கட்டில். பீரோ அதே பீரோ. சூட்கேஸைத்தான் காணோம் (பக்கத்து ரூமுக்குப் போயிருக்கும், வேற எங்க போகும்?). மாற்றத்தில் பாதி, பல்பு செய்த வேலை.

பல்பை மாற்றுவதில் தப்பே இல்லை, சொல்லப்போனால் குறைந்த செலவில் ஒரு அறைக்குச் செய்யக்கூடிய மிகப் பெரிய நல்லது அதுதான். எனக்கு உறுத்துவது 'முன்'னை நடத்தும் விதம். நேற்றுவரை வாழ்ந்த அறையை ஒரு குற்றம்போலக் காட்டுகிறார்கள். அந்தப் பொட்டு, யாரோ ஒருத்தி படுக்கப்போகும் முன் நெற்றியிலிருந்து எடுத்து ஒட்டிவைத்தது. அந்தத் துணிக்குவியல், வேலைக்குப் போய்வரும் வீட்டின் செவ்வாய்க்கிழமை. 'பின்' காட்சியில் துணியே இருக்காது. மனுஷனும் இருக்கமாட்டான்.

நடுப்பகுதிக்கு வருவோம். பட்டி பார்க்கிற வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். சுவரைச் சுரண்டி, பட்டி இழுத்து, காயவிட்டு, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, தூசி தட்டி, மறுபடி இழுத்து, மறுபடி தேய்த்து, பிரைமர் அடித்து, காயவிட்டு, அதற்கப்புறம்தான் பெயின்ட். அதுவும் ரெண்டு கோட்டு. புதிதாகப் பூசிய சிமென்ட் சுவரென்றால் பெயின்ட் டப்பாவைத் திறக்கவே சுமார் 28 நாள் பொறுக்கச் சொல்வார்கள். உப்புத்தாள் தேய்த்த அன்று இமையில் தூசி, மூக்குக்குள் தூசி, தட்டில் போட்ட தயிர்சாதத்தில் தூசி. இது முழுவதும் வீடியோவில் எட்டு நொடி. வேலையின் பெரும்பகுதி காத்திருப்பது என்ற விஷயமே அங்கே காணாமல் போகிறது. அதை நம்பிச் சனிக்கிழமை காலை சுவரைச் சுரண்ட ஆரம்பித்தவர்கள், ஞாயிறு இரவு பாதி சுரண்டிய சுவருக்குக் கீழே பாய் விரித்துப் படுக்கிறார்கள்.

தானே செய்துகாட்டும் நிகழ்ச்சி எப்போதும் இப்படி இருந்ததில்லை. பிபிசியில் 1950களின் பிற்பகுதியில் பேரி பக்னெல் என்பவர் வீட்டு வேலைகளை நேரலையில் செய்துகாட்டினார். நேரலை என்பதால் சொதப்பினால் சொதப்பல்தான், வெட்ட முடியாது. 1962இல் லண்டனின் ஈலிங் பகுதியில் பாழடைந்த ஒரு வீட்டை எடுத்துக்கொண்டு வாரக்கணக்கில் சீர்செய்த தொடரும் அவருடையது. போருக்குப் பிந்தைய பிரிட்டனில் கூலிக்கு ஆள் பிடிப்பது நடுத்தரக் குடும்பத்துக்குக் கட்டுப்படியாகாமல் போனது, அதனால் 'நீங்களே செய்யுங்கள்' என்பது அங்கே ஒரு தேவையாகவே பிறந்தது. பக்னெல் நேர்மையானவர் என்பதற்காக எல்லாம் சரியாகிவிடாது. பழைய விக்டோரியன் வீடுகளின் வேலைப்பாடுள்ள கதவுகள்மேல் ஹார்ட்போர்டு அடித்து 'நவீனமாக' மழமழவென்று ஆக்கச் சொல்லிக்கொடுத்தவரும் அவர்தான். அடுத்த தலைமுறை அதையெல்லாம் பிடுங்கி எறிந்துவிட்டு அடியில் இருந்த கதவைத் தேடியது. இன்றைய ஒட்டுத்தாளுக்கு அந்த ஹார்ட்போர்டு பெரியப்பா முறை.

ஒட்டுத்தாள் என்றதும் ஒரு வீடியோ ஞாபகம் வருகிறது. தரைத்தள வீடு. இடுப்பு உயரத்துக்குச் சுவரில் உப்பு பூத்திருக்கிறது, காரை கொஞ்சம் பெயர்ந்திருக்கிறது. ஈரத்துணியால் துடைக்கிறார், ஃபேன் போட்டுக் காயவைக்கிறார், மேலே மார்பிள் டிசைன் வினைல் தாளை ஒட்டுகிறார். நேர்த்தியான கை, ஓரம்கூடப் பிசகவில்லை. "பாருங்க, எதுவுமே தெரியல" என்கிறார். உண்மைதான், தெரியல.

ஆனால் அந்தச் சுவருக்குள் என்ன நடக்கிறது? ஈரம் கசியும் மண்ணில் நிற்கும் செங்கல், விளக்குத்திரி எண்ணெயை இழுப்பதுபோல நீரை மேலே இழுக்கும். நீர் சுவரின் மேற்பரப்புக்கு வந்து ஆவியாகும். அதில் கரைந்து வந்த உப்பு அங்கேயே தங்கிப் படிகமாகி, பூச்சைப் பின்னாலிருந்து தள்ளும். நாம் 'ஓதம் அடிச்சுப்போச்சு' என்கிறோமே, அதன் கதை இவ்வளவுதான். இப்போது சுவர் மூச்சுவிடும் இடத்தில் வினைல் தாளை ஒட்டினால் நீர் நின்றுவிடுமா? வெளியேற வழி தேடி இன்னும் உயரே ஏறும். தாளுக்குப் பின்னால் பூஞ்சை பிடிக்கும். நீர் புகாத பிளாஸ்டிக் பெயின்ட்டை அடித்தாலும் இதே கதைதான், கொப்புளம் கொப்புளமாக எழும்பும். ஆறு மாதம் கழித்து அந்தச் சுவரை எந்த வீடியோவும் காட்டுவதில்லை. ஒரு சிறுகதை இப்படி முடிந்தால் 'முடிவு செயற்கை'ன்னு நாலு பேர் எழுதியிருப்போம்.

இந்த இடத்தில் வெள்ளையடிப்பதைப் பற்றிப் பேசாமல் போக முடியாது. சுட்ட சுண்ணாம்புக் கல்லைத் தண்ணீரில் போட்டால் கொதித்துக் குழையும். வடிகட்டி, கொஞ்சம் கஞ்சி, கொஞ்சம் நீலம் கலந்து, தென்னைமட்டை நுனியைத் தட்டி நாராக்கிய மட்டையால் அடித்தால், காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல வாங்கிக்கொண்டு மறுபடி சுண்ணாம்புக் கல்லாகவே சுவரில் இறுகும். நீராவியை உள்ளே அடைத்துவைக்காது. ஓதத்தைச் சுண்ணாம்பு குணப்படுத்தாது, மறைக்கவும் மறைக்காது. உதிரும், அடுத்த பொங்கலுக்கு மறுபடி அடிக்க வேண்டும். வருடத்துக்கு ஒருமுறை சுவரின் ஒவ்வொரு சாணையும் கையால் தொட்டாக வேண்டும் என்ற ஏற்பாடு அது. எங்கே விரிசல், எங்கே கரையான் ஏறுகிறது என்று வீட்டிலிருப்பவருக்குத் தெரிந்தே இருக்கும்.

பழம்பெருமை பேசவில்லை. சுண்ணாம்பு கையைத் தின்னும், கண்ணில் தெறித்தால் பார்வைக்கே ஆபத்து. மண்வீட்டுத் தரையைச் சாணியால் மெழுகியதும், சுவரடியில் காவிப்பட்டை போட்டதும் பெரும்பாலும் பெண்கள், மற்ற எல்லா வேலைகளுக்கும் நடுவே. நம்மூரில் ஆள் வைக்க முடிந்தவர் மட்டையைத் தொட்டதில்லை. முடியாதவர் எப்போதும் தொட்டுக்கொண்டுதான் இருந்தார். அது பொழுதுபோக்காக இல்லாததால் அதற்கு 'டி.ஐ.ஒய்.' போல ஒரு பேர் யாரும் வைக்கவில்லை. உளியும் கரண்டியும் சாதியோடு ஒட்டிக்கிடந்த ஊரில், ஐடி வேலைக்குப் போகும் ஒரு பையன் இழைப்புளி வாங்கி மொட்டைமாடியில் பலகை இழைக்கிறான் என்றால் அதில் ஏதோ நகர்ந்திருக்கிறது. ஆனால் அவன் வீடியோவில் 'ஆசாரி கேட்ட கூலில பாதி மிச்சம்' என்ற வரி வராமல் இருப்பதில்லை. கற்றுக்கொள்ள ஆன இரண்டு மாதத்தையும் பாழான மூன்று பலகையையும் கணக்கில் சேர்த்தால் ஆசாரி கேட்டது நியாயம் என்று தெரிந்திருக்கும்.

இங்கேதான் எனக்கு என்ஸோ மாரி முக்கியமாகப்படுகிறார். இத்தாலிய வடிவமைப்பாளர், இடதுசாரி, 2020இல் மிலானில் இறந்தார். 1974இல் அவர் 19 மரச்சாமான்களுக்கான வரைபடங்களை வெளியிட்டார். மேசை, நாற்காலி, கட்டில், அலமாரி. கடையில் கிடைக்கும் சாதாரண பைன் பலகை, ஆணி, சுத்தியல், ரம்பம் போதும். நுணுக்கமான பொருத்து எதுவும் கிடையாது. தபால் செலவை அனுப்பினால் வரைபடம் வீடு தேடி வரும். யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம், ஆலைகளையும் வியாபாரிகளையும் தவிர. செய்ததைப் படமெடுத்துத் தனக்கு அனுப்பவும் சொன்னார்.

மாரிக்கு மலிவான மேசை குறியில்லை. ஒரு மேசையை ஒருமுறை கையால் செய்துபார்த்தவர், எந்தக் கால் எதனால் ஆடுகிறது, குறுக்குச்சட்டம் ஏன் வேண்டும் என்று தெரிந்துகொள்வார். பிறகு கடையில் பார்க்கும் மேசையின் பளபளப்புக்கு ஏமாறமாட்டார். வாங்குகிறவரை விமர்சகராக்கும் பயிற்சி அது. ஆயிரக்கணக்கில் கடிதங்கள் வந்தன, ஆனால் தான் சொன்னதை மிகச் சிலரே புரிந்துகொண்டார்கள் என்று பிற்பாடு வருத்தப்பட்டார். மற்றவர்களுக்கு அது வார இறுதி பங்களாவுக்கு ஏற்ற ஒரு நாட்டுப்புற 'லுக்'. 2010இல் ஆர்ட்டெக் நிறுவனம் அதில் ஒரு நாற்காலியை, அளவாக வெட்டிய பலகைகளாகவே கட்டி விற்க ஆரம்பித்தது. அதைவிட எனக்குப் பிடித்த பின்கதை பெர்லினில் நடந்தது. ஆப்பிரிக்காவிலிருந்து வந்த அகதி இளைஞர்கள் 'குகுலா' என்ற பட்டறையில் மாரியின் நாற்காலிகளைச் செய்து விற்க அவரே அனுமதி கொடுத்தார். வியாபாரத்துக்கு இல்லை என்று எழுதிவைத்த மனுஷர், யாருக்கு அந்த விதியைத் தளர்த்தலாம் என்றும் தெரிந்துவைத்திருந்தார்.

நம்மூரில் இறக்குமதிச் சரக்கோடு வந்து பழைய மரக்கடையில் ஒதுங்கும் பேலட் கட்டைகளில் பல பைன்தான். மாரியின் மேசையை இங்கேயும் செய்யலாம். ஆனால் செய்து எங்கே போடுவது? சுவரில் எங்கே அடிப்பது? நம் மேக்ஓவர் வீடியோக்களில் ஒருமுறைகூட முகம் காட்டாத, ஆனால் முழுக்கதையையும் நடத்தும் பாத்திரம் ஒன்று உண்டு: ஹவுஸ் ஓனர். ஆணி அடிக்காத கொக்கி, உரித்தால் தடம் விடாத தாள், திருகாமல் நிற்கும் திரைக்கம்பி என்று இந்த வடிவத்தின் அழகியல் மொத்தமும் அட்வான்ஸ் பணத்தைச் சுற்றிப் பின்னப்பட்டது. சென்னையில் பத்து மாத வாடகையை அட்வான்ஸாக வாங்கும் வழக்கத்தைத் தெரியாதவர் இல்லை. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக்கூடாது என்கிறது. அதன் அட்டவணை, சுவருக்கு வெள்ளையடிப்பதை உரிமையாளரின் பொறுப்பில் வைக்கிறது. நமக்கு வருவது குழாய் வாஷர் மாற்றுவது மாதிரியான வேலைகள். அந்த ஓதச் சுவர் யாருடைய வேலை என்ற கேள்வியை ஒரு வீடியோவாவது கேட்டிருக்கலாம். 'வெறும் 1,500 ரூபாய்ல' என்ற தலைப்பு அந்தக் கேள்வியையும் சேர்த்து ஒட்டி மூடிவிடுகிறது.

நார்ட்டன், மோச்சான், ஏரியலி என்ற மூவர் 2012இல் வெளியிட்ட ஒரு ஆய்வு உண்டு. தானே பொருத்திய பெட்டிக்கும் தானே மடித்த காகிதக் கொக்குக்கும் மனிதர்கள் கூடுதல் விலை வைக்கிறார்கள் என்று காட்டியது, 'ஐகியா விளைவு' என்று பெயரும் வைத்தது. எல்லோரும் மேற்கோள் காட்டுவது இந்தப் பாதியைத்தான். செய்ததைப் பிரித்துப்போட வைத்தால் அந்தக் கூடுதல் மதிப்பு காணாமல் போகிறது என்பது மறுபாதி. பதினோரு மாத ஒப்பந்தத்தில் குடியிருப்பவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வீட்டைக் காலிசெய்யும் நாளில், ஹேர் டிரையரை வைத்துச் சூடுகாட்டி, தன் மார்பிள் சுவரைத் தானே உரித்துக்கொண்டிருப்பார்.

இவ்வளவு சொன்ன பிறகும் இவற்றைப் பார்ப்பதை நான் நிறுத்தவில்லை. டிரில்லிங் மெஷினைக் கையில் பிடித்த தமிழ்ப் பெண்களை இந்த வீடியோக்களில் பார்த்த அளவுக்கு வேறெங்கும் நான் பார்த்ததில்லை. அதில் ஒன்றைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்திருக்கிறேன். நைட்டிக்கு மேல் துப்பட்டா, முக்காலிமேல் நிற்கிறார். "ஓனர் ஆன்ட்டிகிட்ட கேட்டுட்டேன், ரெண்டே ரெண்டு ஓட்டைதான்" என்கிறார். முதல் ஓட்டை போடும்போது செங்கல் தூள் பொரபொரவென்று கொட்டுகிறது, ஓட்டை பெரிதாகிவிடுகிறது. பிளக் நிற்காமல் சுற்றுகிறது. உள்ளேயிருந்து "என்னம்மா சத்தம்?" என்று ஒரு குரல். "ஒண்ணுமில்ல அத்தை, இருங்க." கொஞ்ச நேரம் ஓட்டையையே பார்க்கிறார். இறங்கிப்போய்த் தீப்பெட்டி எடுத்துவந்து, குச்சிகளை மருந்து கிள்ளிவிட்டு ஒடித்து, பிளக்கைச் சுற்றிச் செருகித் திருகுகிறார். பிடித்துக்கொள்கிறது. பலகையை மாட்டி, கையால் தொங்கிப்பார்க்கிறார். லேசாக வலது பக்கம் சாய்ந்திருக்கிறது. 'பின்' காட்சி வருகிறது. மஞ்சள் பல்பு, பியானோ எல்லாம் உண்டு, பலகை அதே சாய்வில்தான் இருக்கிறது. அதன்மேல் அத்தையின் மாத்திரை டப்பா.