காக்கப்பட்ட போர்க்களம்

அமெரிக்க உள்நாட்டு யுத்தத்தில், 1863 ஜூலை மாதத்து முதல் மூன்று தினங்களுக்குள், மாண்டோரும் காயமுற்றோரும் சிறைப்பட்டோரும் காணாமற்போனோருமாக இரு தரப்பிலும் ஏறக்குறைய 51,000 பேரின் இழப்பைக் கண்ட கெட்டிஸ்பர்க் களம், 1895இல் தேசிய ராணுவப் பூங்காவாக்கப்பட்டு, 1933 முதல் தேசியப் பூங்காத் துறையின் பராமரிப்பில் இருந்துவருகிறது. நிலத்தைக் காப்பதில் அத்துறை காட்டும் சிரத்தையை எவரும் குறைகூற இயலாது. யுத்தகாலத்தில் இல்லாத மரக்கூட்டங்களை வெட்டி, அன்றிருந்த பழத்தோட்டங்களை மீண்டும் நட்டு, தனியார் எழுப்பிய 307 அடிக் கோபுரத்தை 2000இல் வெடிவைத்துத் தகர்த்ததன் பயனாக, தென் மாநிலப் படையினர் 12,000 பேருக்கு மேல் தாக்குதலுக்காகப் பீரங்கிக் குண்டுகளினூடே கடந்த ஒரு மைல் வெளியை நாமும் நடந்து, அத்தாக்குதல் ஏன் தோல்வியில் முடிந்ததென்பதைக் கால்களாலேயே கற்கலாம். உரிமம் பெற்ற வழிகாட்டியோ நம் காரைத் தாமே ஓட்டிக்கொண்டு கதை சொல்லுவார். இம்முறை 1915 முதல் உள்ளது.

ஆயினும், எந்தப் படைப்பிரிவு எங்கே நின்றதென்று 1,300க்கு மேற்பட்ட நினைவுச் சின்னங்கள் சாற்ற, எதன்பொருட்டு நின்றதென்பதைச் சொல்லும் கடமை நெடுங்காலம் புறக்கணிக்கப்பட்டது. யுத்தத்துக்குக் காரணமான அடிமை முறையையும் போர்க்களங்களில் விளக்கவேண்டுமென 2000ஆம் ஆண்டளவில் அமெரிக்கக் காங்கிரஸ் சபையே பணிக்க நேர்ந்தது விசித்திரந்தான்! 2008இல் திறந்த புதிய கண்காட்சிசாலை அக்குறையைப் பெரிதும் போக்கிற்று. களமோ இன்னும் தளபதிகளையே பேசுகிறது. வடபடை வரிசையின் நடுவே, ஏப்ரகாம் பிரையன் என்ற சுதந்திரக் கறுப்பின விவசாயியின் சிறு வெள்ளை வீடு நிற்கிறது. சுதந்திரக் கறுப்பரையும் பிடித்துத் தெற்கே கொண்டுசென்ற தென்படைக்கு அஞ்சி அவர் குடும்பத்தோடு ஓடினார். திரும்பியபின், பாழான பண்ணைக்கு ஆயிரம் டாலருக்கு மேல் நஷ்டஈடு கோரி, 15 டாலரே பெற்றார். பீரங்கிகளைப் படம்பிடிக்கும் பயணிகளுள் எத்தனைபேர் அவ்வீட்டருகே நிற்பர்?

பொதுஜனங்களுக்கான நிகழ்ச்சிகள் போற்றத்தக்கவை. தொண்டர்கள் வேலி செப்பனிடுகின்றனர்; குளிர்காலத்தில் சரித்திரப் பிரசங்கங்கள் நடைபெறுகின்றன; பூங்கா நிலத்தில் போலிச் சண்டை நடத்த விதி இடந்தரவில்லை. மரணத்தை வேடிக்கையாக்காத இவ்விவேகம் பாராட்டுக்குரியது. நவம்பரில் தேசியக் கல்லறையில் ஏற்றும் விளக்குகளைக் காட்டுவதோடு, கறுப்பின வீரர் பலர் உறங்கும் ஊர்க் கல்லறையான லிங்கன் மயானத்துக்கும் பார்வையாளரை ஆண்டுதோறும் அழைத்துச்செல்வது நிர்வாகத்துக்குக் கஷ்டமான காரியமன்று.