தேதியை டெம்ப்ளேட்டிடம் விடலாமா?

விளம்பர மின்னஞ்சலில் பாராட்டு வாசகம் சற்றுப் பிசகினால் யாருக்கும் நஷ்டமில்லை. சந்தா முடியும் தேதி பிசகினால் ஒருவர் பணம் கட்டத் தவறிவிடுகிறார். அந்தத் தேதியை லிக்விட் டெம்ப்ளேட்டின் 'டேட்' ஃபில்டரிடம் எந்த அளவுக்கு நம்பி ஒப்படைக்கலாம் என்பதைக் கறாராகவே பார்க்க வேண்டும்.

இணையக் கடைத் தளமான ஷாப்பிஃபைக்காக டோபியாஸ் லூட்கே ரூபி நிரல்மொழியில் உருவாக்கிய டெம்ப்ளேட் மொழியான லிக்விட், 2006-ல் வெளிவந்தது. பிரேஸ், கஸ்டமர் டாட் ஐஓ போன்ற மின்னஞ்சல் தளங்களிலும் இன்று புழங்குகிறது. நிரல் எழுதத் தெரியாத மார்க்கெட்டிங் ஊழியர்கூடச் சதவீதக் குறியோடு நான்கைந்து எழுத்துகளைச் சேர்த்துத் தேதியின் வடிவத்தை மாற்றிவிடலாம். இந்த வசதியை நான் குறைத்து மதிப்பிடவில்லை.

சிக்கல், ஃபில்டர் தேதியை அச்சிடும் இடத்தில் இல்லை; படித்துப் புரிந்துகொள்ளும் இடத்தில் இருக்கிறது. வாடிக்கையாளர் பட்டியலில் 03/04/2025 என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். இன்றைய ரூபி அதை ஏப்ரல் 3 என்று எடுத்துக்கொள்ளும். லிக்விடின் ஜாவாஸ்கிரிப்ட் வடிவமோ அமெரிக்க முறைப்படி மார்ச் 4 என்று எடுத்துக்கொள்ளும். 13/04/2025 என்று கொடுத்தால் 13-ஆவது மாதம் இல்லையே என்று ஜாவாஸ்கிரிப்ட் திகைத்து, கொடுத்ததை அப்படியே திருப்பிவிடும். ஆக, 13-ஆம் தேதியிலிருந்து பிழை கண்ணில் படும். 12-ஆம் தேதி வரை ஓசையில்லாமல் தவறான மாதம் அச்சாகும். இரண்டாவதுதான் ஆபத்து. பரிசோதனை மின்னஞ்சலைப் பார்ப்பவருக்கு அழகான, முழுமையான, தவறான தேதி தெரிகிறது.

எழுத்துக் குறிகளிலும் ஒரு கண்ணி உண்டு. சிறிய 'எம்' மாதம், பெரிய 'எம்' நிமிடம். மாற்றிப் போட்டுவிட்டு, ஏப்ரல் மாதத்தில் காலை 10 மணி 4 நிமிடத்துக்கு இன்றைய தேதியை வைத்துச் சோதித்தால் எல்லாம் சரியாகவே தெரியும். ஜாவாவில் இதே இரண்டு எழுத்துகளுக்கும் பொருள் தலைகீழ் என்பதால், அங்கிருந்து வருபவர்கள் இதில் எளிதாக விழுகிறார்கள்.

தேதியே பதிவாகாத வாடிக்கையாளருக்கு ஃபில்டர் எச்சரிக்கை எதுவும் தராது. "உங்கள் சந்தா அன்று முடிகிறது" என்று வெற்றிடத்தோடு கடிதம் போய்விடும். இயல்பு மதிப்பு ஒன்றைக் கொடுத்து இதைத் தடுக்கலாம். அதைவிட, அவருக்கு அந்தக் கடிதத்தை அனுப்பாமல் நிறுத்துவதே நேர்மை.

தமிழில் அனுப்புவோருக்கு இன்னொரு குறை: மூல லிக்விட் மாதப் பெயரை ஆங்கிலத்தில் மட்டுமே தரும். 12 மாதங்களுக்கும் நாமே நிபந்தனை எழுத வேண்டும். பல மொழிகளுக்கான தேதி வடிவங்கள் யூனிகோடின் சி.எல்.டி.ஆர். தொகுப்பில் தயாராக இருக்கும்போது இது வீண் உழைப்பு.

எனவே என் தீர்ப்பு: அச்சிடும் வேலைக்கு இந்த ஃபில்டரை ஏற்கலாம், படிக்கவும் கணக்குப் போடவும் அதை நம்பக் கூடாது. தரவு ஐ.எஸ்.ஓ. 8601 முறையில், ஆண்டு முதலில் வர, நேர மண்டலத்தோடு டெம்ப்ளேட்டுக்கு வந்து சேர வேண்டும். வடிவத்தை ஒரே பொதுத் துண்டில் எழுதி எல்லாக் கடிதங்களிலும் அதையே அழைக்க வேண்டும். "இன்னும் 2 நாள்" என்ற கணக்கை அடியோடு விட்டுவிடலாம். அது கடிதம் அனுப்பிய நேரத்தில் போட்ட கணக்கு. வாசகர் மறுநாள் திறந்தால் பொய்யாகிவிடும். அந்த இடத்தில் கடைசித் தேதியையே அச்சிடுங்கள்.