போனா என்ன?

ரப்பர் தோட்டத்தைக் களமாகக் கொண்ட புகழ்பெற்ற பிரெஞ்சு நாவல் ஒன்று உண்டு. சிலாங்கூரில் தோட்டம் போட்ட ஆன்றி ஃபோக்கோனியே எழுதிய ‘மலேசி’. 1930இல் கோன்கூர் பரிசு பெற்றது. மறு ஆண்டே எரிக் சட்டன் அதை ஆங்கிலமாக்கியபோது தலைப்பில் ‘ஆன்மா’ சேர்ந்துகொண்டது: ‘தி சோல் ஆஃப் மலாயா’. தலைப்பில் சேர்ந்தது எல்லார் கண்ணுக்கும் படுகிறது. பேச்சில் கழிவது படுவதில்லை. ஒருவரை ஒருவர் கூப்பிடும் சொற்களில்தான் கழிவு அதிகம் என்று நினைக்கிறேன்.

‘சி ஓன் ஆலே ஓ சினெமா?’ என்று பிரெஞ்சில் கூப்பிட்டால், சொல்லுக்குச் சொல் அது ‘நாம படத்துக்குப் போனால்...?’ மிச்ச வாக்கியம் கிடையாது. கேட்பவரே நிரப்பிக்கொள்ள வேண்டும். வேண்டாம் என்று நழுவவும் அதில் இடமிருக்கிறது. ஆங்கிலத்தில் ‘ஷெல் வீ’ என்றோ ‘ஹவ் அபௌட்’ என்றோ போடுவார்கள். பிழையில்லை. ஆனால் அந்த ‘ஆல்’ போய்விடுகிறது.

லூனாஸ்காரருக்கு இதை விளக்கவே வேண்டாம். ‘படத்துக்குப் போனா என்னண்ணே?’ என்பதில் அதே ‘ஆல்’ இருக்கிறது. மலாயிலும் ‘அப்பா கத்தா கலாவ் கித்தா பெர்கி?’ என்று அதே ‘ஆல்’தான். ‘கித்தா’வில் கேட்பவரும் சேர்த்தி, ‘காமி’யில் இல்லை, நம் ‘நாம’, ‘நாங்க’ மாதிரி. ஆங்கில ‘வீ’க்கு அந்தக் கணக்கு தெரியாது. சுங்கை பட்டாணியில் வளர்ந்தவருக்கு இந்தப் பிரெஞ்சு வாக்கியம் ஆங்கிலத்தைவிட மலாய் வழியாகச் சீக்கிரம் புரியும்.

இனி நம் கதைகள். லயத்து வாசலில் ஒரு அக்கா, ‘வாங்களேன், ஒரு வாய் சாப்பிட்டுப் போங்களேன்’ என்கிறார். ‘ப்ளீஸ் கம்’ என்றால் கெஞ்சலாகிவிடுகிறது. ‘டூ கம்’ இலக்கணப்படி கிட்டத்தில் வருகிறது. ஆனால் அக்கா துரை பங்களாவில் தேநீர் விருந்து கொடுப்பதுபோல் ஒலிக்கிறது. ‘வொய் டோன்ட் யூ கம்’ பரவாயில்லை. (அதையே தமிழில் ‘ஏன் நீங்க வரக்கூடாது?’ என்று திருப்புகிறவர்களை என்ன செய்வது! அழைப்பு சண்டையாகிவிடும்.) வந்தவர் சொல்லும் ‘இப்பத்தான் சாப்பிட்டேன்’ இன்னும் சிக்கல். இங்கே அது தகவல் இல்லை, மரியாதை. இன்னொரு தரம் கூப்பிட வேண்டும் என்பது இருவருக்கும் தெரியும். ஆங்கிலத்தில் தகவலாகவே நின்றுவிட்டால், திரும்பக் கூப்பிடும் அக்கா விடாக்கண்டர் ஆகிறார்.

‘போலாம்’ இதைவிடக் கடினம். கூட்டாளி சொன்னால் யோசனை. பெரட்டில் கங்காணி சொன்னால் உத்தரவு. தயங்கி நிற்கும் பையனிடம் கிராணி சொன்னால் அனுமதி. தமிழ் மூன்றையும் ஒரே சொல்லில் வைத்துக்கொள்கிறது. ஆங்கிலம் ஒன்றைத் தேர்ந்தே ஆக வேண்டும். நான் வாசித்த தோட்டக் கதை மொழிபெயர்ப்புகளில் பெரும்பாலும் உத்தரவுதான் ஜெயிக்கிறது.

இது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. தோட்டத் தமிழ் ஆங்கிலத்துக்கு அறிமுகமானதே ஏவல் வினையில்தான். 19ஆம் நூற்றாண்டில் இலங்கைத் தோட்டங்களின் சின்னத்துரைமாருக்காகக் கொழும்பில் அச்சான தமிழ்க் கையேட்டின் பெயரே ‘இங்கே வா!’. அந்தக் காது இன்னும் போகவில்லை. நம் எழுத்து ஆங்கிலத்துக்குப் போவதே கொஞ்சம். அதிலும் தோட்டத்து ஆள் ஒன்று உத்தரவு போடுகிறார், இல்லை கெஞ்சுகிறார் என்றால், சமமாக ஒருவரை ஒருவர் கூப்பிட்டு, மறுத்து, மறுபடி கூப்பிட்டு வாழ்ந்த லயத்து வாழ்க்கை அங்கே போய்ச் சேரவே இல்லை.

அடிக்குறிப்பு போட்டால் சரியாகிவிடும் என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. சாப்பிடக் கூப்பிடுவதற்கு யாராவது அடிக்குறிப்பு போடுவார்களா? ஆங்கிலத்தைக் கொஞ்சம் வளைக்கலாம். பால் எடுத்து முடித்து, கொட்டாயில் நிறுத்துப் போட்டுவிட்டுத் திரும்பும்போது ஒருவர் ‘மாமா, ஒரு டீ அடிச்சா என்ன?’ என்கிறார். ‘வாட் இஃப் வீ ஹேட் அ டீ, மாமா?’ என்றுதான் எழுதுவேன். மாமாவை மாமாவாகவே விட்டுவிடுவேன். ஆங்கிலத்தில் இப்படிச் சொல்வதில்லை என்று பதிப்பாசிரியர் அடித்தால், மறுபடி எழுதிக் கொடுப்பேன்.