அம்மி அரைப்பது உடற்பயிற்சி அல்ல

"அம்மியும் ஆட்டுக்கல்லும் இருந்தவரைக்கும் பொம்பளைகளுக்கு உடற்பயிற்சி எதுக்கு?" பட்டிமன்றங்களில் கைதட்டல் வாங்கும் இந்தக் கேள்வியை என் மாணவிகளும் நம்பித் திருப்பிச் சொல்கிறார்கள். பாராட்டுப்போல ஒலிக்கும் இதற்குள் ஒரு மறுப்பு இருக்கிறது: பெண்ணுக்கு அவள் செய்யும் வேலையே போதும், தனக்கென்று நேரம் வேண்டாம்.

திருச்சுழிப் பக்கம் சீமைக்கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போடுகிறவளை, தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கித் தண்ணீர் கொண்டுவருகிறவளை, அருப்புக்கோட்டையில் தறிக்குத் தார் சுற்றுகிறவளை எண்ணிப் பாருங்கள். இவர்கள் உடல் அசையாமலா இருக்கிறது? ஆனால் அந்த அசைவின் வேகத்தையும் அளவையும் வேலைதான் தீர்மானிக்கிறது. குனிந்த முதுகு நிமிர இடைவெளி இல்லை. டென்மார்க்கின் ஆந்திரேயாஸ் ஹோல்டர்மன் போன்ற ஆய்வாளர்கள் இதை ஒரு முரணாகவே எழுதியிருக்கிறார்கள். ஓய்வு நேரப் பயிற்சி இதயத்துக்குத் தரும் நன்மையை, மணிக்கணக்கில் நீளும், ஓய்வில்லாத உடலுழைப்பு அதே அளவில் தருவதில்லை. அந்த ஆய்வுகளிலும் ஆண்களைப் பற்றிய தரவுகளே மிகுதி.

உலக சுகாதார நிறுவனம் வீட்டுவேலையையும் உடலியக்கத்தில் சேர்க்கிறதே என்று கேட்கலாம். கணக்கில் சேர்ப்பது வேறு. இது போதும் என்று பெண்ணிடம் சொல்வது வேறு.

மறுபக்கம் அறிவுரைகள். 2023 நவம்பரில் தமிழக அரசு 38 மாவட்டங்களிலும் தொடங்கிய 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டத்தின் நடைபாதை 8 கிலோமீட்டர். நல்ல திட்டம்தான். ஆனால் விடியலில் வாசல் தெளித்து, உலை வைத்து, பிள்ளைகளைக் கிளப்பிவிடுகிறவளுக்கு அந்த எண்ணே வாசற்படியை உயர்த்திவிடுகிறது. நடக்க வந்தவளுக்கு மூச்சு வாங்கினால் 'உடம்பு வணங்காதவள்' என்கிறோம். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. அவளுக்குத் தேவை வசவு இல்லை, ஓர் இரத்தப் பரிசோதனை.

பெண்பால் பிள்ளைத்தமிழின் கடைசிப் பருவங்கள் அம்மானை, நீராடல், ஊசல். பெண்ணுடல் தன் மகிழ்ச்சிக்காக அசைவதைத் தமிழ்க் கவிதை அறிந்தே இருந்தது. பருவமெய்திய நாளோடு அதை நிறுத்தியது வீடு. பந்தைப் பிடுங்கிய கையில் குடத்தைக் கொடுத்தது. ஆகவே நாற்பது வயதில் நடக்கக் கிளம்புகிறவளைப் புதிதாகத் தொடங்குகிறவள் என்று நான் சொல்ல மாட்டேன். விட்ட இடத்துக்குத் திரும்புகிறாள்.

எப்படித் திரும்புவது? பெரியவர்களுக்கு வாரம் 150 நிமிடங்களாவது மிதமான உடலியக்கம், இரண்டு நாட்களாவது தசைகளுக்கான பயிற்சி என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரே மூச்சில் பத்து நிமிடமாவது செய்தால்தான் கணக்கு என்று 2010இல் இருந்த நிபந்தனை 2020இல் நீக்கப்பட்டது. துண்டு துண்டாகவே நேரம் வாய்க்கும் நமக்கு இந்தச் சிறு திருத்தம் பெரிய செய்தி. கரிசல் வெயில் ஏறுமுன் ஐந்து நிமிட நடை போதும், பேச முடிகிற, ஆனால் பாட முடியாத வேகத்தில். நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் சில முறை எழுந்து உட்காரலாம். சுவரில் கைவைத்துத் தள்ளலாம். நாளெல்லாம் குனிந்தவள் தோள்களைப் பின்னுக்கு இழுத்து நிமிர்ந்து நிற்பதும் பயிற்சியே. வாரம் செல்லச் செல்லக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளலாம். நெஞ்சு வலித்தாலோ தலை சுற்றினாலோ நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

அந்த ஐந்து நிமிடத்துக்குள் உலை பொங்கும், யாராவது கூப்பிடுவார்கள். "இருங்க, வாரேன்" என்று சொல்லப் பழகுவதும் பயிற்சியில் சேர்த்திதான். நம்மில் பலருக்கு அதுதான் கடினமான பகுதி.